கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு பந்து



பள்ளிகள் திறந்துவிட்டன. புத்தகத்துக்கு அட்டை போடுவதும் சீருடைக்கு அளவு கொடுப்பதுமாக வீடுகள் பரபரத்துக் கிடக்கின்றன. இதே பருவத்தில்தான் உடற்கல்வியியல் கல்லூரிகளின் வாசலிலும் இளைஞர்கள் சான்றிதழ்க் கோப்புகளோடு வந்து நிற்கிறார்கள். பி.பி.எட். சேர்ந்து, இரண்டு ஆண்டு படித்து, நாளைக்கு நம் ஊர்ப் பள்ளிகளில் விசிலோடு மைதானத்தில் இறங்கப்போகிறவர்கள். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவர்களுக்காக எடுத்துக்கொள்கிறேன். கணக்கு ஆசிரியர், ஆங்கில ஆசிரியர் பற்றியெல்லாம் நம் இதழில் நிறையப் பேசிவிட்டோம். பி.டி. சாரையும் பி.டி. மிஸ்ஸையும் எப்படி உருவாக்குகிறோம் என்று பேசியது மிகக் குறைவு.

பேசவேண்டிய அவசரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடலுக்குத் தேவையான அளவு நடமாடுவதில்லை. பெண்களில் இது நூற்றுக்கு 57 பேர். பள்ளிப் பிள்ளைகள் நிலைமை உலகம் முழுவதுமே மோசம். 11 வயது முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது அளவுகோல். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. இவர்களில் பள்ளிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். அவர்கள் வகுப்பின் கால அட்டவணையில் ஏதோ ஒரு கட்டத்தில் 'பி.டி.' என்று எழுதித்தான் இருக்கும். அந்த பீரியட் அவர்களுக்கு எதைக் கொடுத்தது?

நம் உடற்கல்வி ஆசிரியர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதிலிருந்து இதைப் பார்க்க விரும்புகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, பி.பி.எட். சேர்வதற்கான வழக்கமான வழி இது: பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், பள்ளி, மாவட்ட அல்லது கல்லூரி அளவிலான ஏதாவது ஒரு போட்டியில் விளையாடியிருக்க வேண்டும். நியாயமான விதிதான். விளையாட்டை நேசிக்காதவர் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த வழியில் உள்ளே வருகிற இளைஞருக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு சொன்னபடி கேட்டிருக்கிறது. டீம் பிரிக்கும்போது முதலில் கூப்பிடப்பட்டவர் அவர். ஊர்த் திருவிழாக் கபடியில் மாலை வாங்கியவர். பி.டி. பீரியட் மணி அடித்தால் மனசு துள்ளியவர்.

அவர் முன்னால் போய் நிற்கப்போகிற ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாலைந்து பேர் அவரைப் போலவே இருப்பார்கள். அவர்களை அவருக்கு உடனே அடையாளம் தெரியும். மாலையில் நிறுத்திவைத்துப் பயிற்சி கொடுப்பார். மண்டலப் போட்டிக்குக் கூட்டிப்போவார். மீதிப் பிள்ளைகளில் ஒருத்தி பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருவனுக்கு உடம்பு கனம், ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருத்திக்கு வயதுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கையைத் தூக்கவே கூச்சம். ஒருவன் வீட்டில் 'வெயிலில் ஆடாதே' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர்களுக்கு பி.டி. பீரியட் மணி அடித்தால் வயிற்றைக் கலக்கும். நம் புதிய ஆசிரியருக்கு இந்த உணர்வு அறிமுகமே இல்லாதது. அதை அவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் உடற்கல்வியியல் கல்லூரியின் தலையாய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலக அளவில் இந்த எண்ணத்துக்கு 'ஃபிசிக்கல் லிட்டரசி' என்று பெயர். இங்கே உடல் எழுத்தறிவு என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனைச் சேர்ந்த உடற்கல்வியாளர் மார்கரெட் வைட்ஹெட், 1993-இல் மெல்போர்னில் நடந்த பெண்களுக்கான உடற்கல்வி மாநாட்டில் இதை விரிவாக முன்வைத்தார். தத்துவம் படித்தவர் அவர். உடம்பு வேறு, மனசு வேறு என்று பிரித்து வைக்கும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தன் உடலை இயக்கி வாழ நான்கு வேண்டும் என்றார்: ஆசை, தன்னம்பிக்கை, உடல் திறன், எதற்காகச் செய்கிறோம் என்கிற புரிதல். நம் பள்ளிகள் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளிடமே தேடிக்கொண்டிருக்கின்றன.

கனடா நாட்டுக்காரர்கள் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இதை அளக்க ஒரு மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 100 மதிப்பெண். உடல் திறனுக்கு 30. அன்றாடம் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்பதற்கு 30. ஆசைக்கும் தன்னம்பிக்கைக்கும் 30. அறிவுக்கு 10. மதிப்பெண் என்றால் நமக்கு உடனே புரியுமே, அதனால்தான் சொல்கிறேன். 'எனக்கு விளையாடப் பிடிக்கும், என்னால் முடியும்' என்று ஒரு குழந்தை நினைப்பதற்கு, அது வேகமாக ஓடுவதற்குக் கொடுக்கிற அதே மதிப்பெண்ணைக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதிச் சோதனை இருக்கிறது. 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை 50 மீட்டர் ஓட வைத்து, 600 மீட்டர் ஓட வைத்து, உட்கார்ந்து முன்னால் எட்டித் தொட வைத்து அளக்கிறார்கள். அளக்கட்டும், நல்லதுதான். 600 மீட்டரில் கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளையிடம் அன்று ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பதையும் யாராவது கவனிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் நம்மில் பலர் கேட்டு வளர்ந்தது அதட்டலைத்தான். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, கிரவுண்டை நாலு சுற்று ஓடு. பிரேயருக்குத் தாமதமா, தோப்புக்கரணம் போடு. ஓட்டத்தையும் குனிந்து நிமிர்வதையும் தண்டனையாக்கிவிட்டு, அதே பிள்ளை பெரியவனானதும் காலையில் எழுந்து ஓடுவான் என்று எப்படி எதிர்பார்ப்பது? இதற்குப் பி.டி. ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முடி வெட்டாதவனைப் பிடிப்பது, வரிசை ஒழுங்கு, சுதந்திர தின அணிவகுப்பு, கேட்டில் காவல் என்று பள்ளிக்கூடமே அவரை அந்த வேலையில் நிறுத்தியிருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975-இல் வந்த தன் நூலில், ஆசிரியராக வருகிறவர் மாணவராக இருந்தபோதே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறார், பயிற்சிக் கல்லூரி அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று எழுதினார். உடற்கல்வியில் இது இரண்டு மடங்கு உண்மை. தன் பி.டி. சாரைப் பார்த்துத்தானே அந்தப் பையன் இந்தப் படிப்புக்கே வந்தான்!

இந்தப் படிப்பு நம் மண்ணுக்குப் புதிதில்லை என்பதைப் பெருமையோடு நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படுவது நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு வீரர்களைத் தேடி எடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2005 முதல் நம் மாநிலத்தில் நடக்கிறது. நூறு ஆண்டு அனுபவம் நம்மிடம் இருக்கிறது. 400 மீட்டர் தடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதில், எந்த விளையாட்டுக்கும் நடுவராக நிற்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். குறைவாக இருப்பது வேறு ஒன்று.

அது என்ன என்பதை ஒரு கயிற்றை வைத்துச் சொல்லிவிடலாம். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு அரசுப் பள்ளிக்கு வந்திருந்த பயிற்சி மாணவி ஒருவரின் வகுப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உயரம் தாண்டுதல் பாடம். முதலில் வழக்கம்போல இரண்டு பிள்ளைகளைக் கயிற்றின் இரு முனையையும் ஒரே உயரத்தில் பிடிக்கச் சொன்னார். எல்லோரும் தாண்டினார்கள். கயிறு ஏறியது, ஆறேழு பேர் 'அவுட்' ஆகி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். இன்னும் ஏறியது, மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் மூன்று பையன்கள் மட்டும் தாண்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் மண்ணில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அதிகம் தாண்டிப் பழக வேண்டிய பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தடவை தாண்டியதோடு சரி.

உடன் வந்திருந்த பேராசிரியர் அந்த மாணவியைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்தவர், கயிற்றின் ஒரு முனையைத் தரையோடு வைக்கச் சொன்னார். மறுமுனையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். கயிறு சாய்வாக நின்றது. "யாருக்கு எந்த இடம் வேணுமோ அங்க தாண்டுங்க. முடிஞ்சதுன்னா கொஞ்சம் தள்ளிப் போய்த் தாண்டிப் பாருங்க." அவ்வளவுதான் கட்டளை. மரத்தடி காலியாகிவிட்டது. தாழ்ந்த முனையில் தாண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தள்ளித் தள்ளிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கால் தட்டியது. யாரும் அவுட் என்று சொல்லவில்லை. அவளே ஒரு சாண் பின்னுக்கு வந்து மறுபடி தாண்டினாள். அந்தக் கெட்டிக்காரப் பையன்கள் மூவருக்கும் குறைவு ஒன்றும் இல்லை, உயர்ந்த முனை அவர்களுக்காகவே காத்திருந்தது.

இந்தச் சாய்வுக் கயிறு மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளரின் யோசனை. 1966-இல் உடற்கல்வி கற்பிக்கும் முறைகள் குறித்து அவர் எழுதிய நூல் உலகெங்கும் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கட்டளையிட்டுச் செய்ய வைப்பது ஒரு முறை. எல்லோருக்கும் இடம் கொடுத்து அவரவரே அளவைத் தேர்ந்தெடுக்க விடுவது இன்னொரு முறை. நடுவே இன்னும் பல. எப்போது எது என்று தெரிந்திருப்பவர்தான் ஆசிரியர். இந்த மாற்றத்துக்குப் பணம் செலவாகவில்லை என்பதைத் தலைமை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அதே கயிறுதான்.

நம் ஊர் விளையாட்டுகளிலேயே இந்த அறிவு இருக்கிறது. கபடியில் அவுட் ஆனவர் வெளியே போய் உட்கார்ந்தாலும், நம் அணி எதிராளி ஒருவரைப் பிடித்ததும் ஒருவர் எழுந்து உள்ளே வருகிறார். ஆட்டம் முடிகிறவரை யாருக்கும் கதவு சாத்தப்படுவதில்லை. நொண்டியும் பாண்டியும் ஒற்றைக் காலில் சமநிலையைப் பழக்குகின்றன. கிளித்தட்டு திசை மாற்றி ஓடவும் எதிராளியின் கண்ணைப் படிக்கவும் பழக்குகிறது. கிட்டிப்புள் கையையும் கண்ணையும் சேர்த்து வேலை வாங்குகிறது. ஓடுதல், குதித்தல், எறிதல், பிடித்தல், சமநிலை என்று உடல் எழுத்தறிவின் அரிச்சுவடியாக உலகம் எதைச் சொல்கிறதோ அதெல்லாம் இவற்றில் உண்டு. பி.பி.எட். மாணவர்கள் இவற்றின் விதிகளை மனப்பாடம் செய்வதோடு, எந்த ஆட்டம் எந்தக் குழந்தைக்கு எந்தத் திறனைக் கொடுக்கும் என்று பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும்.

அப்படிப் பார்க்கப் பழக எளிய பயிற்சி ஒன்றும் இருக்கிறது. ஒரு பயிற்சி மாணவர் வகுப்பு எடுக்கும்போது அவருடைய தோழர் ஓரமாக நிற்பார். ஒரே ஒரு பிள்ளையை, முக்கியமாகக் கடைசியில் நிற்கிற பிள்ளையை, மனசுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார். பீரியட் முழுக்க அந்தப் பிள்ளை எத்தனை முறை பந்தைத் தொட்டது, எத்தனை நிமிடம் உண்மையிலேயே ஓடியது, எத்தனை நிமிடம் வரிசையில் காத்து நின்றது, ஆசிரியர் அதன் பெயரைச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டார் என்று கோடு போட்டுக்கொண்டே வருவார். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைத் தோழரிடம் கொடுப்பார். மைதானமே அதிரும்படி அருமையான வகுப்பு எடுத்துவிட்டோம் என்று முகம் மலர்ந்து வந்தவர், அந்தத் தாளில் 'பந்து: 2' என்று பார்த்துவிட்டு அப்படியே நிற்பதைக் கண்டிருக்கிறேன். மறுநாள் அவர் ஒரு பந்துக்குப் பதில் எட்டுப் பந்து கேட்டார். பந்து போதாதபோது பழைய துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த இளைஞரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இன்னொன்றையும் எல்லாக் கல்லூரிகளும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு மாணவரும் தனக்குச் சுத்தமாக வராத ஒன்றைப் படிப்புக் காலத்தில் முதலிலிருந்து கற்க வேண்டும். கபடியில் பெயர் வாங்கிய ஒருவர், தோள்கள் இரண்டும் பாறை மாதிரி இருப்பவர், நீச்சல் குளத்தில் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவரைவிட இளைய பயிற்சியாளர், "விடுங்கண்ணா, நான் பிடிச்சுக்கறேன்" என்கிறார். இவருக்கு விரல் பிரியவில்லை. பக்கத்தில் மற்றவர்கள் மிதந்துகொண்டிருக்கிறார்கள். கரை ஏறியதும் அவரிடம் பேசினேன். "என் கிளாஸ்ல பந்தைப் பார்த்து ஒதுங்குற பசங்களைச் சோம்பேறின்னு நினைச்சிருந்தேங்க. பயந்தா கை கால் சொன்ன பேச்சு கேட்காதுன்னு இப்பதான் தெரியுது" என்றார். மிதக்கக் கற்றுக்கொள்ள அவருக்குச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அவர் கற்றது நீச்சல் மட்டும் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அதே உலகக் கணக்கில், போதிய அசைவு இல்லாத பையன்கள் நூற்றுக்கு 78 என்றால் பெண்கள் 85. எட்டாம் வகுப்பு தாண்டியதும் நம் பள்ளிகளில் பெண்கள் மைதானத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதைப் பார்க்க ஆய்வு வேண்டாம், ஒரு மாலை நேரம் போதும். துப்பட்டாவை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு எப்படி எறிபந்து ஆடுவது? மாதவிடாய் நாளில் ஆடலாமா என்று யாரிடம் கேட்பது? கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளியில் வியர்க்க ஆட யாருக்கு மனசு வரும்? இதைப் பற்றிப் பேசப் பயிற்சி மாணவிகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, மாணவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். நிறையப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் ஆசிரியர்தான் உடற்கல்வி ஆசிரியர். அவர் எங்கே நிற்கிறார், என்ன சொல் சொல்கிறார், கிண்டல் செய்கிற பையன்களை எப்படி நிறுத்துகிறார் என்பதிலெல்லாம் ஒரு பெண்ணின் முப்பது வயது ஆரோக்கியம் அடங்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே அக்கறை வேண்டும். ஸ்கோர் எழுத உட்கார வைப்பதை விளையாட்டில் சேர்த்துக்கொண்டதாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. மணி வைத்த பந்தும் சாய்வுக் கயிறும் இருக்கின்றன.

கல்லூரிகளால் தீர்க்க முடியாத ஒரு பிரச்சினையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விப் பயிற்றுநரை, அதுவும் பகுதி நேரமாக, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள 6 முதல் 8 வகுப்புகளுக்கே அது சொல்கிறது. 1 முதல் 5 வகுப்புக்கு அப்படி எதுவும் இல்லை. ஓடவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு ஆசையோடு கற்றுக்கொள்கிற வயது அதுதானே! ஆறாம் வகுப்பில் முதன்முதலாக பி.டி. சாரைப் பார்க்கும்போது பாதிப் பிள்ளைகள் 'எனக்கு விளையாட்டு வராது' என்று முடிவு கட்டிவிட்டிருப்பார்கள். தொடக்கப் பள்ளிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர் வர வேண்டும். அதுவரை, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படிக்கிற ஒவ்வொரு இளைஞருக்கும் இந்த அரிச்சுவடியை மைதானத்தில் இறக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெற்றோராகிய நம் பங்குக்கு வருகிறேன். தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வதை நாம் கேட்டதில்லை. பல சமயம் உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறோம். நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தாலும் அவர் கையில் பீரியட் இல்லாவிட்டால் என்ன செய்வார்? உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாரத்தில் எத்தனை உடற்கல்வி பீரியட், அது உண்மையில் நடக்கிறதா, பள்ளியில் எத்தனை பந்து இருக்கிறது? விவரம் கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

உடற்கல்வியியல் கல்லூரிகளில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில், வகுப்பின் கடைசியில் நின்ற ஒரு பிள்ளையைப் பற்றி, பெயரை மாற்றி, நான்கு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். என்ன முயன்றீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். அந்த மாத இதழில் பன்னிரண்டு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். ஜூலை முடிவதற்குள் கடிதங்கள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்